புதன்கிழமை மாலை இரண்டரை மணி நேரம்

"படிக்கணும்னு ஆசைதான், பிள்ளைங்க கொஞ்சம் பெரிசாகட்டும்." கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டும் கடையோரம் நின்றாலும் செந்தூலில் பள்ளி வாசலில் நின்றாலும் தாய்மார்களின் இந்தப் பேச்சு காதில் விழும். பிள்ளைகள் பெரிசாவார்கள். உடனே எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பொதுத்தேர்வு) வரும். அது முடிந்ததும் மாமனாருக்கு முட்டி வலி வரும். ஆசை மட்டும் பரணில் வைத்த பித்தளைக் குடம் மாதிரி அப்படியே இருக்கும்.

இதைச் சோம்பல் என்பவர்கள் அந்த வீட்டுக்குள் ஒரு நாள் கூட இருந்து பார்க்காதவர்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஆசைக்கு ஒரு கிழமை கிடையாது, ஒரு மணி கிடையாது, ஒரு தொகை கிடையாது. கிழமை குறிக்காத ஆசை வீட்டிலிருக்கும் எல்லா வேலையோடும் மோதும். எப்போது புத்தகத்தைத் திறந்தாலும் ஏதோ ஒன்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தது போலவே உறுத்தும். அந்த உறுத்தலைத்தான் குற்ற உணர்ச்சி என்கிறோம். தைரியம் சொல்லி அதைப் போக்க முடியாது. கணக்குப் போட்டால் பெரும்பகுதி கரையும். பகுதிநேரப் பட்டப்படிப்பை வைத்து அந்தக் கணக்கைப் பார்க்கலாம். வீணை வகுப்பானாலும் அரை மாரத்தான் ஆனாலும் கணக்கின் அடிப்படை இதேதான்.

முதலில் நேரம். வாரத்துக்கு 168 மணி. கோலாலம்பூரில் வேலைக்குப் போகும் ஒரு தாய்க்குத் தூக்கம் 49, வேலை 45 (2023 ஜனவரி முதல் சட்டம் அனுமதிக்கும் வார உச்சவரம்பு அதுதான், முன்பு 48), மதிய இடைவேளை 5, ரவாங்கிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ வந்து போக 10 என்று வைத்துக்கொள்வோம். சமையலும் பாத்திரமும் 14, துணியும் வீடு கூட்டுவதும் 7, பிள்ளைகளின் பாடம், டியூஷனுக்கு ஏற்றி இறக்குவது 10, குளியல், சாப்பாடு, கோயில், மார்க்கெட் எல்லாம் சேர்த்து 14. கூட்டினால் 154. மிச்சம் 14 மணி.

பதினான்கு மணியா என்று கேட்கத் தோன்றும். இருக்கிறது, ஆனால் சில்லறையாக இருக்கிறது. குழம்பு கொதிக்கும் பத்து நிமிடம், டியூஷன் வாசலில் காரில் காத்திருக்கும் இருபத்தைந்து நிமிடம், எல்லோரும் படுத்த பிறகு கண் சொக்கும் அரை மணி. சில்லறையில் குறிப்புகளைத் திரும்பப் பார்க்கலாம். புதிதாக ஒரு பாடம் புரிந்துகொள்ள முடியாது. ஆகவே தேடவேண்டியது கூடுதல் நேரத்தை அல்ல. இரண்டரை மணி வீதம் உடையாத இரண்டு துண்டு கிடைத்தால் போதும், மீதியைச் சில்லறை பார்த்துக்கொள்ளும். ஒரு துண்டு வார நாளில், ஒன்று சனி அல்லது ஞாயிறு காலையில். வார நாளில் புதன் நல்லது. திங்கள் அலுவலகத்துக்குப் போகிறது, வெள்ளி கோயிலுக்குப் போகிறது.

இனிப் படிப்பின் பக்கம். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, அசைன்மென்ட், தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட், ஆக 120 மணி. பதினான்கு வாரப் பருவத்தில் பரப்பினால் வாரத்துக்கு எட்டரை மணி. இரண்டு பாடம் எடுத்தால் 17. நம் கையில் இருப்பதோ 14, அதுவும் சில்லறை. முதல் பருவத்திலேயே "சீக்கிரம் முடிச்சிடலாம்" என்று மூன்று பாடம் எடுப்பவர்கள் ஆறாவது, ஏழாவது வாரத்தில் சத்தமில்லாமல் காணாமல் போவது இதனால்தான். அவர்கள் தங்களைக் குறை சொல்லிக்கொள்வார்கள். 25 மணி வேலையை 14 மணிக்குள் திணிக்கப் பார்த்ததில் திறமையின் தவறு ஒன்றும் இல்லை. முதல் பருவத்தில் ஒரே ஒரு பாடம். பதிவு செய்யும் அதிகாரி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் பட்டம் வாங்குவதற்குள் தலை நரைத்துவிடாதா? குறைந்தது 120 கிரெடிட், அதாவது ஏறக்குறைய 40 பாடம். ஆண்டுக்கு மூன்று பருவம் நடத்தும் இடத்தில், பருவத்துக்கு ஒன்று என்றே போனால் பதின்மூன்று ஆண்டு ஆகும், யாரும் தாங்கமாட்டார்கள். இங்கேதான் ஏபெல் கைகொடுக்கும். பட்டறிவைக் கல்வித் தகுதியாக எடை போடும் முறை அது. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ வகுத்தது. நமக்கு வேண்டியது அதில் இரண்டு கிளை. ஏபெல் ஏ, நுழைவதற்கு: 21 வயது நிறைந்து, துறை சார்ந்த வேலை அனுபவம் இருந்தால், எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா இல்லாமலேயே இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு திறனறித் தேர்வும், அனுபவத்தை நிரூபிக்கும் கோப்பும் கேட்பார்கள். ஏபெல் சி, நுழைந்த பிறகு: ஏற்கெனவே தெரிந்த பாடங்களைத் தேர்வெழுதியோ கோப்பு காட்டியோ கழித்துக்கொள்வது. மொத்தக் கிரெடிட்டில் 30 விழுக்காடு வரை கழியும். 120இல் 36, அதாவது 12 பாடம். மீதி 28ஐ முதல் பருவத்தில் ஒன்று, பிறகு வீட்டு வேலை சிலவற்றைக் கைமாற்றி நேரம் கூடியதும் இரண்டிரண்டு என்று முடித்தால் ஏறக்குறைய ஐந்து ஆண்டு. ஓயூஎம் என்னும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலைக்குப் போகிறவர்களை நினைத்தே கட்டப்பட்டது. பினாங்குக்காரர்களுக்கு ஜார்ஜ்டவுனிலேயே வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

கோப்பில்தான் நம் பெண்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுவார்கள். "நான் என்னக்கா செஞ்சிருக்கேன், சும்மா கிண்டர்கார்டன்ல டீச்சரா இருந்தேன்" என்பார்கள். சும்மா என்ற சொல்லைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். எத்தனை ஆண்டு, ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பாடத் திட்டம் எழுதினீர்களா, பெற்றோர் கூட்டம் நடத்தினீர்களா, புதிதாக வந்த ஆசிரியைக்குப் பழக்கிக் கொடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாக எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று வையுங்கள். பழைய முதலாளி கடையை மூடிவிட்டார், கடிதம் தர ஆளில்லை என்றால், எந்த நிறுவனம் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பணம் கட்டியது என்று இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை காட்டும். வீட்டில் கேட்டரிங் செய்தவர் என்றால் எஸ்எஸ்எம் தொழில் பதிவு, ஆர்டர் எழுதிய நோட்டு, ரசீது, உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழ். நோட்டில் எண்ணெய்க் கறை இருந்தால் இருக்கட்டும்.

வேலையிடத்தில் புதன்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பவேண்டியிருக்கும். இதற்குப் பல்லைக் காட்டத் தேவையில்லை. திருத்தப்பட்ட தொழிலாளர் சட்டத்தின் 60பி, 60கியூ (60P, 60Q) பிரிவுகள் வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றிக் கேட்க வழி தருகின்றன. எழுத்தில் கேட்கவேண்டும், முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரவேண்டும், மறுத்தால் காரணத்தையும் சொல்லவேண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் மறக்கக்கூடாது. ஆகவே பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே கடிதம் போகட்டும். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது, எந்தத் தேதியிலிருந்து, அந்தக் கடைசி ஒரு மணி நேர வேலை எப்படி நடக்கும் என்ற நான்கும் இருந்தால் போதும். குடும்பக் கதை வேண்டாம். "மன்னிக்கவும்" என்று தொடங்கும் கடிதம் பாதித் தோல்வியோடு போய்ச் சேர்கிறது.

இனி வீடு. பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள்.

"அவரு ஹெல்ப் பண்ணுவாரு" என்ற ஏற்பாடு நிற்காது. உதவி என்றால் வேலை இன்னும் உங்களுடையது, அவர் விருந்தாளி. ஒரு வேலைக்கு மூன்று பகுதி உண்டு: ஞாபகம் வைப்பது, முடிவெடுப்பது, செய்வது. மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்து, வெங்காயம் நறுக்கி, புளி கரைத்து வைத்துவிட்டு "கொதிக்க மட்டும் வைங்க" என்றால் உங்களுக்கு மிச்சமாவது இருபது நிமிடம். தலைப்பாரம் அப்படியே இருக்கும். புதன்கிழமையை முழுசாகக் கொடுங்கள். என்ன சாப்பாடு, சமையலா தாப்பாவா (கடையில் கட்டி வாங்கும் சாப்பாடா), பாத்திரம், பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடம், மறுநாள் பிஜே (உடற்கல்வி) இருந்தால் டிராக்சூட் எங்கே என்று தேடுவது வரைக்கும். தாப்பாவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையை மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டால், "வெளிச்சாப்பாடு வாங்க வைக்கிறாளே" என்ற பேச்சு எழாது.

குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டலாம், முதல் மாதத்துக்கு மட்டும். அதில் "சோறு வைக்கவும்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: நாலு பேருக்கு அரிசி 2 கப், கப் என்றால் குக்கரோடு வந்த கப், டீ குடிக்கும் கப் இல்லை. மூன்று தடவை கழுவணும். தண்ணீர் உள்ளே 2 என்று போட்ட கோடு வரைக்கும். புழுங்கல் பொன்னி என்றால் அதற்கு மேல் இன்னும் ஒன்றரை கப். மூடிய பிறகு சுவிட்சைக் கீழே அழுத்தணும்.

கடைசி வரிதான் முக்கியம். பிளக்கைச் செருகியதும் 'வார்ம்' விளக்கு எரியும். சோறு வேகிறது என்று நினைத்துப் போய்விடுவார்கள். ஏழரை மணிக்குத் திறந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி அப்படியே கிடக்கும். உடனே வகுப்பில் இருக்கும் உங்களுக்கு வாட்ஸ்அப் வரும்: "அரிசி வேகல. என்ன பண்றது?" இடைவேளை வரை பதில் போடாதீர்கள். அதற்குள் ரொட்டியும் முட்டையும் பொரித்துச் சாப்பிட்டிருப்பார்கள், அடுத்த புதன் சுவிட்சை யாரும் மறக்கமாட்டார்கள். அந்த நிமிடமே பதில் போட்டால், புதன் மாலைக்கும் பொறுப்பாளி நீங்கள்தான் என்று வீடு முடிவு செய்துகொள்ளும். இன்னொரு பொறி: வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்பு மேடையை மறுபடி துடைப்பது. அவர் துடைத்த மேடையில் கறை இருக்கும். இருக்கட்டும். மறுபடி துடைத்தால் "நான் செஞ்சா உனக்குப் பிடிக்காது" என்ற வாசகம் பிறக்கும். அது பிறந்த வீட்டில் கைமாற்றிய வேலை மூன்றே வாரத்தில் திரும்பி வரும்.

கணவர் ஷிப்டில் இருப்பவர், அல்லது பிள்ளையைத் தனியாக வளர்ப்பவர் என்றால் கைமாற்ற ஆள் இல்லை, பண்டமாற்றுதான் வழி. புதன் உங்கள் பிள்ளை அக்கம்பக்கத்து வீட்டில், வெள்ளி அவர்கள் பிள்ளை உங்களிடம், மணிக்கு மணி சரியாக. சரிசமமாக இருக்கும் வரை யாருக்கும் நன்றிக்கடன் ஏறாது, அது ஏறினால்தான் உறுத்தலும் ஏறும். பணம் கொடுத்துப் பராமரிப்பு நிலையத்தில் விடுவதானால் பதிவு பெற்ற இடமா என்று முதலில் கேளுங்கள். சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை வருமான வரிக் கழிவு உண்டு, பதிவு பெற்ற இடத்து ரசீதுக்கு மட்டும்.

அடுத்தது வாய்ச்சொல். "புதன்கிழமை கொஞ்சம் போயிட்டு வரட்டுமா அத்தை?" என்று கேட்டால் அது கேள்வி. கேள்வி என்றால் பதில் வரும், எந்தப் பதிலும் வரலாம். "அத்தை, அடுத்த மாசத்திலேருந்து புதன்கிழமை எனக்கு வகுப்பு. ராத்திரிச் சாப்பாடு அவரு பாத்துக்குவாரு. உங்க பிரஷர் மாத்திரையை எட்டு மணிக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கேன்" என்பது தகவல். மரியாதைக்கு எங்கேயும் குறைவில்லை. பார்க்கப்போனால் அந்த மாத்திரை வரியில்தான் மரியாதை முழுசாக இருக்கிறது, ஏனென்றால் அத்தையின் பயம் உங்கள் படிப்பைப் பற்றியது அல்ல, எட்டு மணி மாத்திரையைப் பற்றியது. இதைச் சொல்லவேண்டிய நேரம் பருவம் தொடங்க மூன்று வாரம் முன்பு. வகுப்புக்குக் கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னால் எவ்வளவு நல்ல மாமியாரும் முகம் சுளிப்பார்.

கல்யாண வீட்டில் கேட்பார்கள்: "நீ படிக்கப் போறே சரி, பிள்ளைய யாரு பாக்குறா?" பதில் ஒரு சொல்: "அவங்கப்பா." அதோடு நிறுத்துங்கள். "இல்லக்கா, வாரம் ஒரு நாள்தான், அதுவும் சமைச்சு வெச்சிட்டுத்தான்..." என்று இழுத்தால் ஒவ்வொரு சமாதானத்துக்கும் ஒரு புதுக் கேள்வி முளைக்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

உறுத்தல் எல்லாமே பொய் என்றும் சொல்லவில்லை. சில உறுத்தலுக்குள் உண்மையான வேலை இருக்கும். பிரித்துப் பார்க்க எளிய வழி: தாளில் எழுதிப் பாருங்கள். "பெரியவனுக்குப் பல் டாக்டர் தேதி தவறிவிட்டது" என்று எழுத முடிந்தால் அது வேலை, நாளை தொலைபேசி செய்யுங்கள். "நான் நல்ல தாயில்லையோ" என்று மட்டும்தான் எழுத வருகிறது, அதற்கு அடுத்து செய்யவேண்டியது ஒன்றும் எழுத வரவில்லை என்றால், அது யாரோ எப்போதோ சொன்னதன் எதிரொலி. அந்தத் தாளைக் கசக்கிப் போடலாம்.

பணம். கணவர் காருக்கு வாங்கும் புது ரிம்முக்குக் காரணம் கேட்காத வீட்டில், மனைவியின் கட்டணத்துக்கு மட்டும் காரணம் கேட்கப்படும். மனைவி சம்பாத்தியம் உபரி என்ற நினைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. ராசம்மா பூபாலன் 1960இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தனிச் சங்கம் அமைத்துச் சம ஊதியம் கேட்டுப் போராடியபோது, ஒரே வேலைக்குப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு என்பதுதான் இந்த நாட்டு நடைமுறை. சட்டத்தில் மாறியது வீட்டில் மாற இன்னும் நாளெடுக்கிறது. உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு திறக்க யார் கையெழுத்தும் வேண்டாம். திருமணமான பெண் தன் பெயரில் சொத்து வைக்கலாம், ஒப்பந்தம் போடலாம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கட்டணத்தை மாதத்துக்குப் பிரித்து, சம்பளம் ஏறும் நாளிலேயே அந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வைத்துவிடுங்கள். கூட்டு, அதாவது சீட்டுப் பணம் எடுத்துக் கட்டலாம் என்று நினைக்கவேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் ஓடிப்போனால் புகார் செய்யவே கூசிப்போய் உட்காரவேண்டியிருக்கும்.

வரிக்கழிவில் பலர் ஏமாறுவார்கள். சொந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு என்பது உண்மை. முதுகலை, முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறையானாலும் செல்லும். இளங்கலை என்றால் சட்டம், கணக்கியல், இஸ்லாமிய நிதி, தொழில்நுட்பம், தொழிற்கல்வி, அறிவியல் போன்ற துறைகளுக்கு மட்டும்தான். பாலர் கல்வியில் சேர்ந்துவிட்டு மார்ச்சில் ரசீதைத் தேடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். டிப்ளோமாவும் அதற்கு மேலும் என்றால் இபிஎஃப்பின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுத்துக் கட்டவும் வழி உண்டு. ஆனால் அது முதுமைக்கான காசு, கடைசியாகத் தொடவேண்டியது.

வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே கேக், பலகாரம், தையல் என்று செய்பவர்கள் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் சேரலாம். 2025 முதல் நீங்கள் போடுவதில் 20 விழுக்காட்டை அரசாங்கம் சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. முழுசாகக் கிடைக்க 2,500 போடவேண்டும், மாதம் 209. கணவர் சம்பளத்தில் பிடிக்கும் 11 விழுக்காட்டில் 2 விழுக்காட்டை மனைவி கணக்குக்கு மாற்றும் ஐ-சாயாங்கும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், தப்பில்லை.

படிப்பு தொடங்கிய பிறகு வருவது வேறு வகைப் பயம்: "எனக்கு மண்டையில ஏறல." பதினைந்து ஆண்டு கழித்துப் புத்தகம் எடுப்பவருக்கு முதல் அசைன்மென்டில் மதிப்பெண் குறையும், பெரும்பாலும் அறிவுக்குறைவால் அல்ல. புள்ளி வழங்கும் அட்டவணையை வாசிக்காமல் எழுதுவது, எங்கிருந்து எடுத்தோம் என்று மேற்கோள் காட்டாதது, கேள்வி 'ஒப்பிடுக' என்று கேட்க 'விளக்கி' எழுதி வைப்பது. மூன்றுமே ஒரு மாலையில் பழகக்கூடியவை. எழுதத் தொடங்குமுன் அந்த அட்டவணையை அச்சடித்து, எந்தப் பகுதிக்கு எத்தனை புள்ளியோ அதே விகிதத்தில் பக்கத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். 40 புள்ளிப் பகுதிக்கு இரண்டு வரியும் 10 புள்ளி முன்னுரைக்கு ஒரு பக்கமும் எழுதுவதுதான் வழக்கமான தவறு. நம் பள்ளிக் கட்டுரைப் பழக்கம், முன்னுரையை அலங்கரிக்காமல் கை நகராது.

தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரமும் தைப்பூச வாரமும் நாட்காட்டியில் முதலிலேயே பூஜ்யம் போட்டுவிடுங்கள். படிப்போம் என்று வைத்துவிட்டுப் படிக்காமல் முறுக்கு பிழிந்தால் உறுத்தும். பூஜ்யம் போட்டுவிட்டு முறுக்கு பிழிந்தால் முறுக்கு மட்டும்தான். ஒரு பாடம் என்றால், தீபாவளியின் இரண்டு வாரத்துக்கு எட்டரை வீதம் வரும் பதினேழு மணியை முந்தின நான்கு வாரத்துக்குப் பங்கிட்டால் வாரத்துக்கு நாலே கால் கூடும், தாங்கும்.

பிறகு ஒரு புதன்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அதுவும் அசைன்மென்ட் கெடு முடியும் வாரமாகப் பார்த்து வரும். அன்று வகுப்புக்குப் போகவேண்டாம். கிளினிக் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து, பாட ஆசிரியருக்கு அன்றிரவே மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தப் பாடம், இந்த அசைன்மென்ட், இத்தனை நாள் கூடுதலாகத் தேவை, சீட்டு இணைப்பில். கெடுவுக்கு முன் கேட்டால் பரிசீலிக்க இடம் இருக்கும், பின் கேட்டால் புள்ளி வெட்டத்தான் வாய்ப்பு அதிகம். மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, மருந்து கொடுக்கவேண்டிய நேரத்தை அதே பெட்டிக் கதவுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். இரவு இரண்டு மணி வேளைக்குக் கணவர் எழுந்திருக்கட்டும்.